இரண்டு ஆபீஸுக்கும் நடுவில் வீடு: ஒரு புதுமணத் தம்பதி வேளச்சேரியை விட்டுவிட்ட கதை

புதிதாகக் கல்யாணம் ஆகி, ஆளுக்கொரு திசையில் வேலை வைத்துக்கொண்டு புது ஊருக்குக் குடிபோகிறவர்களுக்கு எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்று உண்டு: "ரெண்டு ஆபீஸுக்கும் நடுவுல பாருங்க." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். சென்னையில் அது பல நேரம் கதைக்கு ஆகாது. ஏன் என்று காட்ட, என் அக்கா மகளும் அவள் கணவரும் மதுரையிலிருந்து வந்து 2023-இல் வீடு தேடியதை விவரமாகவே எழுதுகிறேன். நான் பெரம்பூர்க்காரன், பெண்ணுக்குத் தாய்மாமன். தேடலில் பாதி நேரம் கூடவே அலைந்தவன். பெயர்களை மட்டும் விட்டுவிடுகிறேன்.

யார், எங்கே வேலை

பெண் ஸ்டாப் நர்ஸ். ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐசியுவில் வேலை கிடைத்திருந்தது. வாரம் ஆறு நாள். காலை ஷிப்ட் ஏழு முதல் இரண்டு, மாலை ஷிப்ட் இரண்டு முதல் ஒன்பது, இரவு ஷிப்ட் ஒன்பது முதல் மறுநாள் காலை ஏழு. எந்த வாரம் எது என்பதை டூட்டி ரோஸ்டர்தான் சொல்லும். மாப்பிள்ளை சாப்ட்வேர். கம்பெனி சிறுசேரி சிப்காட்டில். வாரம் மூன்று நாள் ஆபீஸ், இரண்டு நாள் வீட்டிலிருந்து. கம்பெனி பஸ் உண்டு. இரண்டு வேலையிடங்களுக்கும் இடையே ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். வாடகைக்கு அவர்கள் வைத்த வரம்பு 18,000 ரூபாய்.

ஆளுக்கொரு ஏரியா

மாப்பிள்ளையின் ஆசை நாவலூர். சிறுசேரிக்குப் பக்கம், வாசலில் செக்யூரிட்டி உள்ள பெரிய அடுக்குமாடி, ஜிம், நீச்சல் குளம், கூட வேலை பார்க்கும் நண்பர்கள். கல்யாணமான புதிதில் இப்படி ஒரு இடத்தில் இருக்க ஆசைப்படுவதில் தப்பில்லை.

மாப்பிள்ளை வீட்டார் சொன்னது கிழக்குத் தாம்பரத்தை ஒட்டிய சேலையூர். அவருடைய பெரியப்பா அங்கே சொந்த வீட்டில் இருக்கிறார். "ஆத்திர அவசரத்துக்குச் சொந்தம் பக்கத்துல இருக்கணும்" என்பது அவர்கள் வாதம். மதுரை போக வர வைகையும் பாண்டியனும் தாம்பரத்தில் நிற்கும் என்பது இன்னொன்று.

என் அக்கா வீட்டுக்காரர் வாடகை வீடே வேண்டாம் என்றார். கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு பிளாட், ஆளுக்குப் பாதி முன்பணம், மீதி லோன். "வாடகைக்குக் குடுக்குற காசை இஎம்ஐயா கட்டினா கடைசியில வீடாவது மிஞ்சும்ல?" மதுரையில் இப்படிச் சொல்லாத மாமனாரைப் பார்ப்பது அரிது. இதில் மட்டும் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினேன். புது வேலை, புது ஊர், புதுக் கல்யாணம். மூன்றில் எது எப்படி அமையும் என்று தெரியாத நேரத்தில் இருபது வருஷக் கடனில் கையெழுத்துப் போடுவது அவசரம். சென்னையின் ஒரு ஐப்பசி கார்த்திகை மழையைக்கூடப் பார்க்காதவர்கள் இங்கே வீடு வாங்கக் கூடாது என்பது என் கட்சி. அத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. லோனுக்கு மாப்பிள்ளையின் புதுக் கம்பெனிச் சம்பளச் சீட்டு கேட்பார்கள், அது கைக்கு வரவே நாளாகும் என்றதும் பேச்சு தானாக நின்றது.

நானும் பெரம்பூர் என்று சொல்லிப் பார்த்தேன். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

புரோக்கர்களும் ஆபீஸ் நண்பர்களும் ஒரே குரலில் சொன்னது வேளச்சேரி. வரைபடத்தில் பார்த்தால் அதுதான் நடு.

இத்தனைக்கும் பெண் வாய் திறக்கவில்லை. தனியாக இருக்கும்போது என்னிடம் சொன்னாள்: "மாமா, சேலையூர் மட்டும் வேணாம். நைட் டூட்டி முடிச்சு வந்து காலையில ஒன்பது மணிக்குப் படுப்பேன். பதினோரு மணிக்குப் பெரியத்தை பார்க்க வருவாங்க. 'மருமக இன்னும் எந்திரிக்கல'ன்னு மதுரைக்குப் போன் போயிரும்." இதை ஊரைக் கூட்டிச் சொல்ல முடியாது. பெரியவர்களிடம் நான் "சேலையூர் ஷிப்டுக்கு ஒத்து வராது" என்று மட்டும் சொன்னேன். அதுவும் உண்மைதான். புதுமணத் தம்பதி ஏரியா பார்க்கும்போது சொந்தம் எவ்வளவு கிட்டத்தில் என்பதைப் போல, எவ்வளவு தள்ளி என்பதும் ஒரு கணக்கு. அரை மணி நேரத்தில் வந்துவிடலாம், ஆனால் போன் பண்ணாமல் வர முடியாது என்கிற தூரம் நல்ல தூரம்.

ஆடி கொடுத்த அவகாசம்

கல்யாணம் வைகாசியில். அவள் ஜூலையில் வேலையில் சேர வேண்டும். ஜூலை 17 ஆடி பிறப்பு. ஆடியில் யாரும் பால் காய்ச்சிக் குடிபோக மாட்டார்கள். ஒன்று, ஆனி முடிவதற்குள் கிடைத்த வீட்டைப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆவணி வரை காத்திருக்க வேண்டும். "ஆடி பொறந்துட்டா அப்புறம் அமையாது சார், இன்னைக்கே டோக்கன் போட்ருங்க" என்று புரோக்கர் அவசரப்படுத்தினார்.

நடப்பு அதற்குத் தலைகீழ். ஆடியில் குடிபோகிறவர்கள் குறைவு என்பதால் டு-லெட் பலகைகள் தொங்கிக்கொண்டே இருக்கும், ஹவுஸ் ஓனர்களின் பேச்சிலும் ஒரு இறக்கம் தெரியும். ஆடியில் பார்த்து, பேசி முடித்து, டோக்கன் கொடுத்துவிட்டு, ஆவணி முதல் முகூர்த்தத்தில் பால் காய்ச்சுவதுதான் புத்திசாலித்தனம். அதனால் பெண் என் வீட்டுக்கு வந்தாள். புதுப் பெண் ஆடிக்குத் தாய்வீடு போக வேண்டும் என்ற வழக்கத்துக்கு என் அம்மா தீர்ப்புச் சொன்னாள்: "தாய்மாமன் வீடும் தாய்வீடுதான்." மாப்பிள்ளை சோழிங்கநல்லூரில் கல்லூரி நண்பர்களின் அறையில் ஒண்டிக்கொண்டார்.

யாரும் திட்டமிடாமலேயே அது ஒரு ஒத்திகையாக அமைந்தது. ஆளுக்கொரு பக்கம் சென்னையை வாழ்ந்து பார்த்தார்கள்.

மாப்பிள்ளைக்கு ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) புரிந்தது. மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து சிறுசேரி வரை வரும் தடத்துக்காகச் சாலை நடுவில் தகரத் தடுப்பு போட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. நாலு கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கிளம்பும்போது சொல்ல முடியாது. அறையில் போர்வெல் தண்ணீர் உப்பு. குளித்தால் சோப்பு நுரைக்காது. அபார்ட்மென்ட் முழுக்க லாரித் தண்ணீரை நம்பியே இருந்தது. 2019 கோடையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது இந்தப் பக்கத்து ஐடி கம்பெனிகள் சில ஆட்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதை நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். நீச்சல் குள ஆசை அதோடு கொஞ்சம் வற்றியது.

பெண் பெரம்பூரிலிருந்து பஸ்ஸில் சென்ட்ரல் வந்து அங்கிருந்து மெட்ரோ ஏறினாள். சாதாரணக் கட்டண டவுன் பஸ் பெண்களுக்கு இலவசம். சென்ட்ரலிலிருந்து மூன்றாவது ஸ்டேஷன் ஆயிரம் விளக்கு. மாலை ஷிப்ட் முடித்து வந்த ஒரு நாள் சொன்னாள்: "மெட்ரோவுக்குள்ள ராத்திரி பத்து மணின்னாலும் பயமே இல்ல மாமா. எறங்கினப்புறம் நடக்கிற தெருதான்."

அந்தப் பேச்சுக்குப் பிறகு தேடலின் பாதையே மாறியது.

கணக்கு

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மாப்பிள்ளை எக்செல்லில் போட்டார். நேரங்கள் நெரிசல் வேளையில் போய்ப் பார்த்தும், அந்த வழியில் போகிறவர்களைக் கேட்டும் வைத்த உத்தேசங்கள்தான். அவருக்கு வாரம் மூன்று நாள், போக வர ஆறு பயணம். அவளுக்கு ஆறு நாள், பன்னிரண்டு பயணம்.

நாவலூர் என்றால் அவருக்கு ஒரு வழிக்கு 15 நிமிஷம், அவளுக்கு 110. வாரத்துக்கு இருவருக்கும் சேர்த்து 1,410 நிமிஷம். சேலையூரில் அவருக்கு மேடவாக்கம் வழியாக 75, அவளுக்கு ஷேர் ஆட்டோ, மின்சார ரயில், கிண்டியில் இறங்கி மெட்ரோ என்று 75. சேர்த்தால் 1,350. வேளச்சேரியில் அவருக்கு 65, அவளுக்கு 55, ஆக 1,050. நாலாவதாக ஒரு இடத்தைச் சேர்த்திருந்தார்: பரங்கிமலை ரயில் நிலையத்தை ஒட்டிய ஆதம்பாக்கம். அவருக்கு 85, அவளுக்கு 40. வாரத்துக்கு 990.

முதல் இரண்டும் அடிபட்டன. நாவலூர்க் கணக்கைப் பார்த்ததும் மாப்பிள்ளையே அந்த வரியை அழித்தார். மிச்சம் வேளச்சேரியா ஆதம்பாக்கமா. வித்தியாசம் வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான், அதை வைத்து முடிவெடுக்க முடியாது. நிமிஷத்தை விட்டுவிட்டு, அந்த நிமிஷங்கள் எப்படிக் கழியும் என்று பார்த்தபோதுதான் விஷயம் தெளிந்தது.

வேளச்சேரியில் பறக்கும் ரயில் இருக்கிறது. ஆனால் அப்போது அது கடற்கரைப் பக்கம் போகிற தடம். சேப்பாக்கத்திலோ சிந்தாதிரிப்பேட்டையிலோ இறங்கி மறுபடி வண்டி பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கிண்டி வரை பஸ், பிறகு மெட்ரோ. காலை ஷிப்டுக்கு அது பரவாயில்லை. இரவு ஒன்பதுக்கு ஷிப்ட் முடிந்து, கிண்டியில் இறங்கி, பஸ்ஸுக்கு நிற்பதுதான் இடிக்கிறது. ஆதம்பாக்கத்தில் இருந்தால் பரங்கிமலைக்கு நடை, ஒரு ஸ்டேஷன் தள்ளி ஆலந்தூரில் மாறினால் நேரே ஆயிரம் விளக்கு. மழையோ ஊர்வலமோ கட்சிக் கூட்டமோ, நேரம் பெரிதாக மாறாது.

மாப்பிள்ளைக்கு ஆதம்பாக்கம் தூரம்தான். ஆனால் கத்திப்பாராவில் கம்பெனி பஸ் ஏறினால் சிறுசேரி வரை உட்கார்ந்த இடம். தூங்கலாம், பாட்டு கேட்கலாம், பஸ் லேட்டானால் ஆபீஸும் பொறுத்துக்கொள்ளும். ஐசியுவில் ஷிப்ட் மாற்றிவிட நிற்கிற நர்ஸ் பொறுத்துக்கொள்ள மாட்டாள். அவர் தாமதித்தால் ஒரு மீட்டிங் தள்ளிப்போகும். இவள் தாமதித்தால் இரவெல்லாம் நின்ற இன்னொருத்தி வீட்டுக்குப் போக முடியாது.

நடுவில் வீடு பார்ப்பது கஷ்டத்தைச் சரிபாதியாகப் பிரிப்பது. இங்கே இருவர் கஷ்டமும் ஒரே வகை இல்லை. ஒருவருக்குக் கம்பெனி பஸ்ஸும், பகல் வேலையும், வாரம் இரண்டு நாள் வீடும் இருக்கிறது. இன்னொருவருக்கு மூன்றும் இல்லை. இல்லாதவர் பக்கம் வீட்டைத் தள்ளி வைத்து, இருப்பவர் தூரத்தைச் சுமப்பதுதான் சரி. புதுசாகக் கல்யாணமான ஆம்பிளைக்கு இதைச் சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது. அவரே சொன்னார்: "எனக்கு பஸ்ல தூக்கம் வரும் மாமா. அவளுக்கு ரோட்டுல நிக்க முடியாது."

தண்ணீர், இரண்டு விதமாக

ஏரியா முடிவான பிறகும் தெரு முடிவாகவில்லை. தென் சென்னையில் தெருவுக்குத் தெரு மேடு பள்ளம். வேளச்சேரி, பள்ளிக்கரணை, மடிப்பாக்கம், ஆதம்பாக்கம் எல்லாமே ஏரிகளையும் சதுப்பு நிலத்தையும் சுற்றி வளர்ந்தவை. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், பல ஏரிகளின் உபரி நீர் வந்து சேர்கிற வடிகால். அதற்கு வரும் பாதைகளில் வீடுகள் நிற்கின்றன. இதைப் புரோக்கரிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை. "இந்தத் தெருவுல தண்ணியே நிக்காது சார்" என்று எல்லாத் தெருவுக்கும் அதே பதில் வரும்.

கேட்க வேண்டியவர் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர், பூக்கார அம்மா, ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள். கேள்வியும் ஒன்றுதான்: "2015-ல தண்ணி எது வரைக்கும் வந்துச்சு?" அந்த வருஷப் பெருவெள்ளத்தைப் பார்த்த சென்னைக்காரர் யாரும் இதற்கு யோசிக்க மாட்டார். கையைத் தன் உடம்பிலேயே வைத்துக் காட்டுவார். முட்டி, இடுப்பு, மார்பு. கூடவே காம்பவுண்டுச் சுவரில் பழைய கறை, புதிதாக உயர்த்திய வாசல்படி, ஈபி பெட்டி என்ன உயரத்தில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். தெருவை விட வீட்டு வாசல் பள்ளத்தில் இருந்தால், வாடகை எவ்வளவு குறைந்தாலும் நடையைக் கட்ட வேண்டியதுதான். சாலை போடும்போதெல்லாம் அந்த வீடு இன்னும் கொஞ்சம் இறங்கும்.

இடையில் பள்ளிக்கரணையில் ஒரு அழகான வீடு வந்தது. புதுக் கட்டடம், தரைத்தளம், இரண்டு படுக்கையறை, 14,000 ரூபாய். ஆதம்பாக்கத்தில் அந்தக் காசுக்கு அப்படி வீடு கிடைக்காது. பெண்ணுக்குப் பிடித்துவிட்டது. எதிர்த்த கடைக்காரர் கையை இடுப்பில் வைத்துக் காட்டினார். விட்டுவிட்டார்கள்.

குடிக்கிற தண்ணீருக்கு வேறு கேள்விகள். மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியத் தண்ணீர்) வருகிறதா, கோடையில் எத்தனை நாளுக்கு ஒருமுறை, சம்ப் தனியா பொதுவா, லாரி வாங்கினால் காசு யார் பங்கு. நேரில் பார்க்கப் போகும்போது குழாயைத் திறந்து ஒரு வாய் கொப்பளித்துப் பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

நங்கநல்லூர் வாசலில்

ஆதம்பாக்கத்தோடு பக்கத்து நங்கநல்லூரையும் பார்த்தார்கள். மெட்ரோ உண்டு, பழவந்தாங்கல் ரயில் நிலையம் உண்டு, ஆஞ்சநேயர் கோயில் பக்கம் இரவிலும் நடமாட்டம் உண்டு. ஆனால் பார்த்த வீடுகளில் பல இடத்தில் முதல் கேள்வியே "வெஜிடேரியன்தானே?" மதுரைக்காரர்களிடம் இதைக் கேட்டால் என்ன பதில் வரும்? சிலர் அதற்கும் ஒரு படி மேலே போய், பேச்சோடு பேச்சாக "சொந்த ஊர்ல எந்தத் தெரு, அப்பா என்ன பண்றாரு" என்று சுற்றி வளைத்துச் சாதிக்கு வந்தார்கள். ஒரு வீட்டில் எல்லாம் பேசி முடிந்து, "நாளைக்குச் சொல்றோம்" என்றவர்கள் பிறகு போனே எடுக்கவில்லை.

இதை ஏரியா தேர்வில் ஒரு காரணமாக யாரும் எழுதுவதில்லை, ஆனால் வீடு தேடுகிற எல்லோருக்கும் தெரியும். மறைத்து வீடு பிடித்து, ஞாயிற்றுக்கிழமை குக்கர் விசிலுக்குப் பயந்து வாழ்வதைவிட, முதலிலேயே சொல்லிவிடுவது நிம்மதி. "நாங்க கறி மீன் சமைப்போங்க" என்று பெண்ணே போனில் முதல் வாக்கியமாகச் சொல்ல ஆரம்பித்தாள். வீண் அலைச்சல் பாதி குறைந்தது.

கடைசியில் அமைந்தது ஆதம்பாக்கத்தில், மூன்று மாடிக் கட்டடத்தில் முதல் மாடி. சின்ன இரண்டு படுக்கையறை, 17,000 ரூபாய். நீச்சல் குளம் இல்லை, லிப்ட்கூட இல்லை. பரங்கிமலையிலிருந்து வரும் வழியில் மருந்துக் கடை, டிபன் கடை, பால் பூத் எல்லாம் இரவு பத்துக்கு மேலும் திறந்திருந்தன. மாலை நாலு மணிக்குப் பார்த்தால் எந்தத் தெருவும் நல்ல தெருதான். அவர்கள் இரவு பத்து மணிக்கு இருவருமாக நடந்து பார்த்த பிறகே டோக்கன் கொடுத்தார்கள்.

ஓனர் ரிட்டயர்டு வாத்தியார். அட்வான்ஸ் ஒரு லட்சம் கேட்டார். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. அதைச் சண்டையாக்காமல், "சட்டப்படி 51 ஆயிரம்தான் வருது சார், நாங்க கொஞ்சம் சேர்த்துத் தர்றோம்" என்று மாப்பிள்ளை பேசி 70,000-இல் முடித்தார். எழுத்து ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்தார்கள். கேஸ் இணைப்புக்கும் புது ரேஷன் கார்டுக்கும் அந்தத் தாள் பிறகு உதவியது.

முதல் வருஷம்

டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் தண்ணீர் புகுந்து சில இடங்களில் படகு விட்டார்கள். ஆதம்பாக்கம் வீட்டில் கரண்ட் போனது, தெருவில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். முதல் மாடி என்பதால் சாமான் எதுவும் நனையவில்லை. எந்த ஸ்டேஷனை நம்பி வீடு பார்த்தார்களோ அந்தப் பரங்கிமலை மெட்ரோ வாசலிலேயே தண்ணீர் தேங்கி, பயணிகளை ஆலந்தூருக்குப் போய் ஏறச் சொன்னார்கள். பெண் அன்று மருத்துவமனையில்தான் இருந்தாள். மாற்றிவிட ஆள் வராமல் அடுத்த ஷிப்டையும் சேர்த்தே பார்த்தாள்.

மதுரைப் பயணம் எதிர்பாராமல் கடினமானது. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்து, தென் மாவட்ட பஸ்கள் படிப்படியாக அங்கே போய்விட்டன. பரங்கிமலையில் மின்சார ரயில் ஏறித் தாம்பரம் போய்ப் பாண்டியனைப் பிடிப்பதே இப்போது வழக்கம். அந்த ஒரு விஷயத்தில் சேலையூர் சொன்னவர்கள் பக்கம் நியாயம் இருந்ததை அவள் ஒத்துக்கொள்கிறாள். பெரியப்பா வீட்டுக்கு மாதம் ஒரு ஞாயிறு போய் வருகிறார்கள், போன் பண்ணிவிட்டு.

ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது ஓனர் வாடகையை ஏற்றக் கேட்டார். மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் மெட்ரோ தடம் ஆதம்பாக்கம், மடிப்பாக்கம், மேடவாக்கம் வழியாக வருகிறது, ஏரியா மதிப்பு கூடிவிட்டது என்றார். "இப்போதைக்குத் தோண்டின பள்ளம்தான் சார் வந்திருக்கு" என்றாள் பெண். ஐந்து சதவீதத்தில் நின்றது.

2024 பாதியில் மாப்பிள்ளையின் கம்பெனி ஐந்து நாளும் ஆபீஸ் வரச் சொல்லிவிட்டது. எக்செல்லைத் திறந்து அவர் வரியில் ஆறை அழித்துப் பத்து என்று போட்டால், ஆதம்பாக்கம் 1,330 நிமிஷம், வேளச்சேரி 1,310. வெறும் நிமிஷத்தை வைத்துப் பார்த்தால் புரோக்கர் சொன்ன இடமே இப்போது மேல். ஆனாலும் மாறவில்லை. அவளுக்கு இரவு ஷிப்ட் இருக்கிறவரை ஆதம்பாக்கம் என்று பேசி வைத்திருக்கிறார்கள். பகல் டூட்டி மட்டும் என்று ஆனால், கீழ்க்கட்டளைப் பக்கம் பார்க்கலாம் என்பது மாப்பிள்ளையின் யோசனை. துரைப்பாக்கம் ரேடியல் ரோடு பிடிக்க அவருக்கு அங்கிருந்து சுலபம். அவள் இன்னும் சரி என்று சொல்லவில்லை. அந்தத் தெருக்களையும் ஒரு மழைக்கு முன்னால் ராத்திரி பத்து மணிக்கு நடந்து பார்க்க வேண்டும் என்கிறாள்.